11 அங்குல நடைபாதையை 5 அங்குலத்துக்கு இறக்கிய கதை

கடலூரில் செம்மண்டலத்தை ஒட்டிய எங்கள் நகரில் ஒரு நடைபாதை உண்டு. 110 அடி நீளம், 5 அடி அகலம், பேவர் பிளாக் பதித்தது. ஒரு முனையில் சின்னப் பூங்கா, மறு முனையில் மெயின் ரோடு. அதில் யாரும் நடக்க மாட்டார்கள். பைக் நிற்கும், மணல் மூட்டை கிடக்கும், நாய் படுத்திருக்கும். மனிதர்கள் மட்டும் கீழே ரோட்டில் போவார்கள். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன், ஏன் என்று யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தது அம்மா. முழங்கால் வலி, கையில் கோல். ஒருநாள் சாயங்காலம் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. "மேல ஏறிக்கம்மா" என்றேன். கோலைத் தூக்கி நடைபாதை மேல் ஊன்றினார். வலது காலைத் தூக்கிப் பார்த்தார், பாதி உயரம்தான் வந்தது. கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இடது காலால் முயன்றார். அப்புறம் கோலை மெல்லக் கீழே இறக்கி, "வேணாம்பா, அவன் போவட்டும்" என்று அந்தக் கல்லை ஒட்டியே நின்றுகொண்டார்.

மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ரோட்டிலிருந்து நடைபாதை மட்டம் 11 அங்குலம். வீட்டுப் படிக்கட்டே ஒரு படி 6, 7 அங்குலம்தான் வைப்பார்கள். சாலைப் பொறியாளர்கள் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 என்ற பாதசாரி வழிகாட்டியைப் புரட்டினால், கெர்ப், அதாவது ஓரக்கல், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று இருக்கிறது. 15 சென்டிமீட்டர் என்றால் 6 அங்குலம். அகலத்துக்கு நாங்கள் எங்கே போவது, இருப்பதே 5 அடி. உயரத்தையாவது சரி செய்யலாம் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டு மாமா ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டேன், ஏன் மாமா இவ்வளவு உயரம் என்று. "2015 வெள்ளத்த பார்த்து பயந்துட்டாங்க. தண்ணி வந்தா மேல நடந்து போவலாம்னு ஒசத்திட்டாங்க. தண்ணி வராத முந்நூத்தி அம்பது நாளு யாரு நடக்கறது?" என்றார். அதோடு விடாமல், "நீ எறக்கறது பெரிசில்ல. எறக்கினா தண்ணி எங்க போவும்னு மொதல்ல பாரு" என்றும் சொன்னார். அன்றைக்கு அது எனக்குச் சரியாக உறைக்கவில்லை. உறைத்தது செப்டம்பரில்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக: நடைபாதை பொதுச் சொத்து, எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூடத் தொடாதீர்கள். நாங்கள் 2024 பிப்ரவரியில் மனு கொடுத்தோம். மக்களவைத் தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டதால் ஜூன் வரை காத்திருந்தோம். நமக்கு நாமே திட்டத்தில் போகலாமா என்றும் பேசினோம். அதில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஆனால் எங்கள் வேலை அதற்குச் சின்னது. பழைய பிளாக்கையே திரும்பப் பதிப்பது என்றால் கூலியும் மணலும் ஜல்லியும்தான் செலவு. வீட்டுக்கு 2,000 ரூபாய் என்று முடிவானது. இரண்டு வீடு தரவில்லை. அவர்கள்தான் இப்போது தினமும் இரண்டு வேளை அதில் நடக்கிறார்கள், சரி போகட்டும்.

ஆடி முதல் ஞாயிறு வேலை தொடங்கினோம். ஒரு கொத்தனார், இரண்டு சித்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர்.

பேவர் பிளாக்கைப் பெயர்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நடுவில் கடப்பாறையை விட்டு நெம்பினால் பத்துக் கல்லுக்கு மூன்று மூலை உடையும். ஓரத்தில் ஒரே ஒரு கல்லை உடைத்து எடுத்துவிட வேண்டும். அந்த ஓட்டை வழியாகப் பக்கத்துக் கல்லின் அடியில் தட்டையான கரண்டியைக் கொடுத்து லேசாகத் தூக்கினால் கையோடு வரும். ஒரு வரிசை வந்துவிட்டால் அப்புறம் குழந்தைகளே எடுப்பார்கள், எடுத்தார்கள். எங்களுடையது 60 மில்லிமீட்டர் கனமுள்ள ஜிக்ஜாக் பிளாக். ஆட்கள் நடக்க அது போதும், கார் ஏறுகிற இடத்துக்கு 80 மில்லிமீட்டர் வேண்டும். கிட்டத்தட்ட 2,000 கல்லில் 260 உடைந்திருந்தது. அத்தனையும் வீட்டு வாசல்களில் கார் ஏறும் இடத்துக் கல்.

கல்லை எடுத்த பிறகுதான் வயிறு கலங்கியது. அடியில் ஜல்லியே கிடையாது. கட்டட இடிபாடும் நிரப்பு மண்ணும் கொட்டி அதன் மேல் மணல் தூவிப் பதித்திருக்கிறார்கள். பூங்கா முனையில் மண்டி போட்டு ஒரு ஓட்டையில் கையை விட்டேன், முழங்கை வரைக்கும் போயிற்று. பெருச்சாளி வளை. அதற்கு நாலு அடி தள்ளி இன்னொரு பள்ளம், இதில் வளை இல்லை, ஈரம் மட்டும். அது இட்லி அக்கா பாத்திரம் கழுவும் இடம். பல வருஷமாக ஊற்றிய தண்ணீர் கல் இடுக்கு வழியாக இறங்கி அடி மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போயிருக்கிறது. மேலே கல் மட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது.

அடுக்கு கணக்கு இப்படி வைத்தோம். கீழே 4 அங்குலம் தண்ணீர் விட்டுக் கலந்த ஜல்லிக் கலவை, அதன் மேல் ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட், அதன் மேல் கல். மூன்றும் சேர்த்து ஏறக்குறைய 8 அங்குலம். நடைபாதை ரோட்டுக்கு மேல் 5 அங்குலம் நிற்க வேண்டுமானால் ரோட்டு மட்டத்துக்கும் கீழே 3 அங்குலம் வெட்ட வேண்டும். வெட்டினோம். ஜல்லியை ஒரேயடியாக 4 அங்குலம் கொட்டிக் குத்தினால் மேல்தான் இறுகும். இரண்டு தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தெளித்து, வாடகைக்கு எடுத்த கம்பாக்டரை (அதிர்ந்து இறுக்கும் மெஷின்) மூன்று முறை ஓட்டினோம். 550 சதுர அடிக்கு ஜல்லி இரண்டு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வேண்டியிருந்தது, மணல் ஒரு யூனிட்.

மட்டம் பார்க்க டியூப் லெவல்தான். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், ஆளுக்கொரு முனை. 110 அடியில் ரோடு பூங்கா முனையிலிருந்து மெயின் ரோட்டுப் பக்கம் 4 அங்குலம் இறங்குவது தெரிந்தது. அதனால் நூலையும் அதே சரிவில் கட்டினோம். மாமா வந்து பார்த்துவிட்டு, "நடுவுல ஒசரமா தெரியுதே" என்றார். இல்லை மாமா, டியூபில் பார்த்துதான் கட்டினோம் என்றேன். குழாயைத் தூக்கி வெயிலில் பிடித்தார். நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு காற்றுக் குமிழி. முக்கால் அங்குலம் பொய் சொல்லியிருக்கிறது. குழாயை முழுவதும் தரையில் நீட்டி, ஒரு முனையைத் தூக்கி, குமிழி வெளியேறும்வரை தட்ட வேண்டும். இனி எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன்.

அகலவாக்கில் ரோட்டுப் பக்கம் சாய்வு வேண்டும், 50-க்கு 1. 5 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வரும். கொத்தனார் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். 5 அடி மட்டக்கோலின் ஒரு முனையில் ஒன்றேகால் அங்குலக் கட்டை ஒன்றை ஆணி அடித்துவிட்டார். கட்டை உள்ள முனையை ரோட்டுப் பக்கம் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். நின்றால் சாய்வு சரி. எந்த அளவும் எடுக்காமல் 110 அடியும் அதையே நகர்த்திக்கொண்டு போனோம்.

மணலில் ஒரு தடவை ஏமாந்தோம். கடையிலிருந்து வந்தது பார்க்க அழகாக, மாவு மாதிரி இருந்தது. பூச்சு வேலைக்கான பி-சாண்ட். கல்லுக்கு அடியில் அதைப் போட்டால் மழையில் குழம்பாகி இடுக்கு வழியாக மேலே கக்கும். ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி வைத்துப் பாருங்கள். மேலே சேறு மாதிரி தடித்த அடுக்கு நின்றால் திருப்பி அனுப்புங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணல் சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு தம்பி யோசனை சொன்னார். அள்ளினால் வழக்கு வரும் என்பது ஒருபக்கம், கெர்ப் கல்லுக்குப் போடும் கான்கிரீட்டில் உப்பு சேர்ந்தால் வேறு தொல்லை.

கெர்ப் கல்லில் கஞ்சத்தனம் கூடாது. பழைய கற்களையே தோண்டி எடுத்து 6 அங்குலம் இறக்கி நட்டு, முன்னும் பின்னும் 1:2:4 கான்கிரீட் அணை கொடுத்தோம். பேவர் பிளாக்குக்குச் சிமெண்ட் கிடையாது, நான்கு பக்கமும் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் நிற்கிறது. ஓரம் அசைந்தால் நடுவில் இடுக்கு விரியும். மணல் மட்டத்துக்கு இரண்டு பக்கமும் குழாயைப் படுக்கவைத்து அதன் மேல் மட்டக்கோலை இழுத்தோம். இழுத்த மணல் மேல் காலே படக்கூடாது, பதித்த கல் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அடுத்த கல்லை வைக்க வேண்டும். கடைசியில் காய்ந்த நைஸ் மணலைக் கொட்டித் துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளி, கம்பாக்டருக்கு அடியில் ரப்பர் பாய் போட்டு ஓட்டி, மறுபடி மணல், மறுபடி ஓட்டம்.

இதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. சறுக்கியது சறுக்குப் பாதையில்தான்.

சக்கர நாற்காலிக்குச் சரிவு 12-க்கு 1 இருக்க வேண்டும். 11 அங்குலமாகவே இருந்திருந்தால் 11 அடி நீளச் சரிவு வேண்டும், அதற்கு இடமே கிடையாது. 5 அங்குலத்துக்கு 5 அடி போதும். பூங்கா வாசலுக்கு எதிரே ஒன்று, மெயின் ரோட்டு முனையில் ஒன்று என்று திட்டம். சரிவை எங்கே வைப்பது? நடைபாதை அகலமே 5 அடி, அதற்குள் வெட்டினால் நடக்க இடம் இருக்காது என்று நான்தான் சொன்னேன். ரோட்டுப் பக்கம் நீட்டிக் கான்கிரீட் போட்டோம். வீட்டுக்கு வீடு கார் ஏற்றப் போட்டிருக்கிறார்களே, அதே மாதிரி.

எங்கள் தெருவில் வடிகால் வாய் மெயின் ரோட்டு முனையில்தான். அதுவரை மழைத் தண்ணீர் கெர்ப் ஓரமாக ஓடிப் போக வேண்டும். செப்டம்பரில் ஒரு ராத்திரி இடியோடு அரைமணி நேரம் மழை. காலையில் எழுந்து பார்த்தால் பூங்கா சரிவுக்கு இந்தப் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர், எதிர் வீட்டு வராந்தா வரைக்கும். நான் போட்ட கான்கிரீட் அணைக்கட்டு மாதிரி குறுக்கே நிற்கிறது. எதிர் வீட்டு அண்ணி வாளியும் கையுமாக நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

முதலில் ஒட்டு வேலைதான் பார்த்தேன். கான்கிரீட்டை உடைத்து அடியில் 4 அங்குல பி.வி.சி. குழாய் விட்டேன். பத்தே நாளில் வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும் போய் அடைத்துக்கொண்டது. குச்சி விட்டுக் குத்துவதே காலை வேலையாகிவிட்டது. மாமா இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு சாக்பீஸோடு வந்து நடைபாதையிலேயே படம் போட்டார். சரிவை ரோட்டுக்கு நீட்டவும் வேண்டாம், அகலவாக்கில் வெட்டவும் வேண்டாம். நடைபாதையையே நீளவாக்கில் இறக்கு. இந்தப் பக்கம் 5 அடியில் மெல்ல இறங்கி, நடுவில் 4 அடி ரோட்டு மட்டத்தில் ஓடி, அந்தப் பக்கம் 5 அடியில் மறுபடி ஏறட்டும். முழு அகலமும் சரிவு. ரோட்டில் ஒன்றுமே நீட்டாது, கெர்ப் ஓரம் தண்ணீர் தன்பாட்டில் ஓடும்.

போட்ட கான்கிரீட்டை இரண்டாவது தடவை உடைத்தது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் புதுச் சரிவுக்கு ஒரு ஞாயிறுதான் ஆயிற்று. கல் என்பதால் எடுத்து, மணலைச் சுரண்டி, திரும்ப வைத்தோம். நடு 4 அடியில் கெர்ப் கல்லை ரோட்டுக்கு அரை அங்குலம் மட்டும் உயர்த்தி வைத்தோம், ஓரத்தில் ஓடும் தண்ணீர் உள்ளே தளும்பாமலிருக்க. அங்கே கெர்ப் தெரியாது என்பதால் கண் பார்வை இல்லாதவர்களுக்கு ரோடு தொடங்குவது தெரிய வேண்டும். அதற்காகக் குமிழ் வைத்த மஞ்சள் ஓடு, 30 சென்டிமீட்டர் சதுரம், இரண்டு வரிசை பதித்தோம்.

வேப்பமரம் தனிக் கதை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் நகரில் நிழல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த வேம்பு அதற்குப் பிறகு வைத்தது. வேர் மூன்று இடத்தில் கல்லைத் தூக்கியிருந்தது. கொத்தனார் டிஸ்க் கட்டரைக் கையில் எடுத்துவிட்டார். தடுத்தோம். ரோட்டுப் பக்க வேரை அறுத்தால் அடுத்த புயலில் மரம் வீட்டுப் பக்கம் சாயும் என்று மாமா சொன்னார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. தண்டைச் சுற்றிக் கழுத்தை நெரித்திருந்த சிமெண்டை உடைத்து நீளவாக்கில் 4 அடி, அகலவாக்கில் 2 அடி மண்ணாகவே விட்டோம். அந்த இடத்தில் நடக்கக் கிடைப்பது 3 அடிதான். மேலெழுந்த வேர் மேல் கல்லை ஒரு அங்குலம் உயர்த்தி, முன்னும் பின்னும் 2 அடிக்கு மெல்லச் சரித்துவிட்டோம். கவனித்தால்தான் மேடு தெரியும்.

இட்லி அக்காவை என்ன செய்வது என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. எடுத்துவிடலாம் என்றவர்கள் மறுநாள் காலை அங்கேயே நின்று இட்லி வாங்கினார்கள். அவரிடம் தெருவோர வியாபாரி அடையாள அட்டை இருக்கிறது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நம் இஷ்டத்துக்கு அப்புறப்படுத்தவும் முடியாது. பூங்கா மதில் ஓரம் கொஞ்சம் உள்வாங்கிய இடம் இருந்தது. வண்டி அங்கே போயிற்று, நடைபாதை முழுதாகக் கிடைத்தது. கழுவும் தண்ணீரை இனி வாளியில் பிடித்துப் பாதாளச் சாக்கடைத் தொட்டியில் ஊற்றுவதாக ஏற்பாடு. "கல்லுக்குக் கீழ பள்ளம் பண்ணது நானா? எங்கிட்ட யாராவது சொன்னாதானே தெரியும்" என்றார். நியாயம்தான்.

பூங்காவில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஊஞ்சல் சங்கிலியில் மேல் கொக்கி பாதி தேய்ந்திருந்தது. கடல் காற்றுக்கு இரும்பு அதிகம் தாங்காது, கொக்கியை மாற்றிக் கிரீஸ் வைத்தோம். கடப்பா கல் பெஞ்சு நாள் முழுக்க வெயிலில் கிடந்து சாயங்காலம் 6 மணிக்கும் தோசைக்கல் மாதிரி சுடும். அதைத் தூக்கிப் புங்கமர நிழலில் போட்டோம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் பாதிப் பேர் காற்று வாங்க 22 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போவார்கள். அங்கே மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விட மாட்டார்கள் என்பதுதான் காரணம். காற்று அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. இரண்டு நாள் விடாத மழை. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் வடக்குப் பக்கம் பட்ட பாடு தெரிந்ததே. ஆற்று வெள்ளம் எங்கள் தெருவரை வரவில்லை, மழைத் தண்ணீர் மட்டும் ஒரு நாள் முழுக்க நடைபாதை மேல் நின்றது. வடிந்த பிறகு மட்டக்கோலை வைத்துப் பார்த்தோம். இரண்டு இடத்தில் அரை அங்குலம், ஒரு இடத்தில் ஒரு அங்குலம் உள்வாங்கியிருந்தது. ஒரு அங்குலம் இறங்கியது அதே பெருச்சாளி வளை இருந்த இடம். மண் போட்டு மூடினோமே தவிர, வளை போன வழியைத் தேடித் தோண்டவில்லை. இந்தத் தடவை மதில் அடி வரைக்கும் தோண்டி, உடைந்த கண்ணாடியும் ஜல்லியும் கலந்து அடைத்தோம்.

பொங்கல் முடிந்து பத்து நாளில் ஒரு துறையிலிருந்து ஆள் வந்து குழாய் போட வேண்டும் என்று 30 அடிக்குப் பள்ளம் வெட்டினார்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை இல்லை. ஜே.சி.பி. வருவதற்குள் ஓடிப்போய், கல்லை நாங்களே எடுத்துத் தருகிறோம், ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டோம். டிரைவர் டீ குடிக்கப் போனார். ஆறு பேர் சேர்ந்து 500 கல்லுக்கு மேல் எடுத்து அடுக்கிவிட்டோம். அவர்கள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனபின், பள்ளத்தை மறுபடி கிளறி, முக்கால் அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திம்சு கட்டையால் குத்தி, ஜல்லி, மணல், கல். இரண்டு ஞாயிறு. கம்பாக்டர் வாடகைக்குக் கிடைக்காததால் கடைசிக் குத்து மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால்தான். அந்த 30 அடி மட்டும் கொஞ்சம் அலை அலையாக இருக்கும், மழைக்காலம் முடிந்து ஒருமுறை எடுத்துப் போட வேண்டும்.

மீந்த நல்ல கல் 45 என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. இரண்டு வீட்டு வாசலில் கார் ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் கல் இன்னும் வாங்கவில்லை. அம்மா இப்போது பூங்கா வரை மேலேயே போகிறார். வேப்பமரத்துக்குப் பக்கத்தில், அந்த 3 அடி இடத்தில் மட்டும், எதிரே யாராவது வந்தால் நின்று வழிவிட வேண்டியிருக்கிறது என்று குறை.